நாம யாருக்குப்பா?

2024 ஜூன் மாதம் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு ரக்பி லீக் ஆட்டம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கும். வந்த கூட்டம் 90,000. இத்தனைக்கும் மெல்போர்ன் அந்த இரண்டு மாநிலங்களிலும் இல்லை. அது ரக்பி லீக் ஊரும் இல்லை, அங்கே வேறொரு கால்பந்துதான் ராஜா. அதற்கு முன்பு, 2017இல், ஆஸ்திரேலியாவின் தேசிய அணி உலகக் கோப்பையில் பிரான்ஸோடு ஆடியது, நாட்டின் தலைநகர் கான்பெராவில். அதற்கு வந்தவர்கள் 12,000 சொச்சம்.

மாநிலத்துக்கு 90,000, நாட்டுக்கு 12,000. இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரியும். ரஞ்சி ஆட்டங்களில் காலி இருக்கைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். நம் ஊரில் தேசிய அணி வந்தால்தானே டிக்கெட்டுக்கு அடிதடி? சிட்னியின் மேற்கே, தமிழ்க் கடைகளும் முருகன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பகுதியில் குடியேறிய பிறகு, அக்கம்பக்கத்துக்காரர்களோடு சேர்ந்து இந்த ஆட்டத்தைப் பார்க்கப் பழகினேன். பாரமட்டா மைதானம் பக்கத்திலேயே இருப்பதால் மகன் என்னைவிட முன்னால் இதில் விழுந்துவிட்டான். சர்வதேச ஆட்டங்களுக்கு ஏன் கூட்டம் வருவதில்லை, எப்போது வருகிறது என்ற கேள்வியை அதற்கப்புறம் என்னால் விட முடியவில்லை. இந்த ஆட்டத்தை நடத்துபவர்களும் பல வருடங்களாக இதே கேள்வியைத்தான் தலையில் கட்டிக்கொண்டு அலைகிறார்கள். பெரிய மைதானம், பெரிய நகரம், புது நாடு என்று பதில் தேடி அலைகிறார்கள். அவர்கள் தப்பான பக்கத்திலிருந்து தேடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ரக்பி என்று நம்மவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் ரக்பி யூனியன். இலங்கையில் பள்ளிக்கூடங்கள் ஆடுவதும் அதுதான். லீக் என்பது 1895இல் அதிலிருந்து பிரிந்தது. வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் நூற்பாலையிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டுங்கள் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன, தெற்கே இருந்த கனவான்கள் முடியாது என்றார்கள். ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூட்டம் போட்டுப் பிரிந்துவிட்டார்கள். அப்புறம் ஆளைக் குறைத்து 13 ஆக்கினார்கள், ஆறு முறை பிடிபட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியும் பின்னாளில் வந்தது. வேகமான, முரட்டு ஆட்டம்.

பிரிந்த விதத்திலேயே இன்றைய சிக்கல் இருக்கிறது. கூலித் தொழிலாளிகளின் ஆட்டம் என்பதால் அது ஊரோடு ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் லிவர்பூலிலிருந்து ஹல் வரை ஒரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஊர்கள், இந்தப் பக்கம் சிட்னி, பிரிஸ்பேன், ஆக்லாந்து, அப்புறம் பப்புவா நியூ கினி முழுக்க. பிரான்ஸின் தெற்கில் ஒரு துண்டு. அவ்வளவுதான் உலகம். கிளப்புதான் எல்லாம், நாடு அதற்கு அடுத்துதான். ஆஸ்திரேலியாவில் 1980இல் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்ற மாநில மோதலை ஆரம்பித்தார்கள். எந்தக் கிளப்புக்கு ஆடினாலும் சரி, நீ முதலில் எந்த மண்ணில் ஆடக் கற்றுக்கொண்டாயோ அந்த மண்ணுக்கு ஆடு என்பதுதான் விதி. அது பிடித்த பிடியில் தேசிய அணி நிழலுக்குப் போய்விட்டது.

அந்த விதியை மட்டும் மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். 90,000 பேரை இழுப்பது எது என்று அதிலேயே இருக்கிறது. ஆட்டத்தின் தரம் கான்பெராவிலும் குறைவில்லை. தேசிய அணிக்கு ஆடுபவர்களும் பெரும்பாலும் ஆரிஜினில் ஆடுகிறவர்கள்தான். ஆனால் ஆஸ்திரேலியா பிரான்ஸை அடிக்கும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், 52–6 என்று அடிக்கவும் செய்தது. இதுவரை நடந்து முடிந்த 16 உலகக் கோப்பைகளில் 12 ஆஸ்திரேலியாவுக்கு. சட்டை பச்சை–தங்கக் கலர், அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. குயின்ஸ்லாந்துக்காரனுக்கோ சிட்னிக்காரன் தன்னைப் பட்டிக்காட்டான் என்று நினைக்கிறான் என்ற கோபம் நூறு வருடக் கோபம்.

சரி, அந்த மாதிரி கோபமும் பாசமும் நாடுகளுக்கு இடையில் வரவே வராதா? வந்தது. 2017 நவம்பரில் வந்தது, அதுவும் யாரும் திட்டமிடாமல்.

ஜேசன் டௌமலோலோ என்பவர் அப்போது உலகத்தின் மிகச் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர். ஆக்லாந்தில் பிறந்தவர், நியூசிலாந்து அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர், பெற்றோர் டோங்கா என்ற பசிபிக் தீவு நாட்டுக்காரர்கள். உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருக்கும்போது நியூசிலாந்து வேண்டாம், டோங்காவுக்கு ஆடுகிறேன் என்றுவிட்டார். ஆஸ்திரேலியக் குழுவில் இருந்த ஆண்ட்ரூ ஃபிஃபிடாவும் அதே மாதிரி விலகி டோங்கா சட்டையைப் போட்டார். ஆஸ்திரேலியாவுக்கு ஆடினால் கிடைத்திருக்கும் பணத்துக்கு முன்னால் டோங்கா கொடுத்தது வெறும் கைச்செலவுக் காசு. பெரிய நாட்டுக்கு ஆடியவர் தன் பூர்வீகச் சின்ன நாட்டுக்கு மாறிக்கொள்ள விதி இடம் கொடுத்தது. அது வரைக்கும் அந்த விதியை ஏதோ ஓட்டை என்று கேலி செய்துகொண்டிருந்தவர்கள்தான் அதிகம்.

டோங்காவின் மக்கள்தொகை ஒரு லட்சம்தான். அதே நேரம் நியூசிலாந்தில் மட்டும் 80,000க்கு மேல் டோங்கா வம்சாவளியினர் இருக்கிறார்கள், பெரும்பாலோர் தெற்கு ஆக்லாந்தில். உலகக் கோப்பை நெருங்க நெருங்க ஒட்டாஹூஹூ, மாங்கெரே பகுதிகளில் ஒவ்வொரு காரிலும் சிவப்புக் கொடி. ஊர்வலம் போகிற மாதிரி காரில் ஆள் தொங்கிக்கொண்டு போனார்கள், போலீஸ் தெருவை மூட வேண்டி வந்தது.

நியூசிலாந்தும் டோங்காவும் ஹாமில்டனில் மோதின. ஆக்லாந்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போகிற தூரம். கூட்டம் 24,000. இடைவேளையில் நியூசிலாந்து 16–2 முன்னிலை. முடிவில் டோங்கா 28–22. அடுத்தது காலிறுதி, லெபனானோடு, கிறைஸ்ட்சர்ச்சில். அது வேறு தீவு, விமானத்தில்தான் போக வேண்டும். கூட்டம் 8,000 சொச்சம். அதற்கடுத்த வாரம் அரையிறுதி, இங்கிலாந்தோடு, ஆக்லாந்தின் மவுண்ட் ஸ்மார்ட் மைதானத்தில். 30,000 பேர், ஒரு இருக்கை மிச்சமில்லை. நடந்ததை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். ஏழெட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது இங்கிலாந்து 20–0. திரையில் பார்த்தவரைக்கும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை, பாட்டு நிற்கவில்லை. டோங்கா மூன்று தடவை கோட்டைத் தாண்டி 20–18 ஆக்கியது. கடைசி நொடிகளில் ஃபிஃபிடா கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது பந்து கைநழுவியது என்று நடுவர் சொன்னார். அதை இழுத்துப் பறித்தார்கள் என்று டோங்காக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். தப்பித்தவறிக்கூட அவர்கள் முன்னால் அந்தப் பேச்சை எடுத்துவிடாதீர்கள், வீடு போய்ச் சேர நேரமாகும்.

அதே அணி, அதே மாதம், மூன்று ஊர். 24,000, 8,000, 30,000. காலிறுதி மற்றதைவிட மட்டமான ஆட்டமும் இல்லை, 24–22 என்று முடிந்தது. கூட்டம் எங்கே குடியிருக்கிறதோ அங்கே ஆட்டத்தைக் கொண்டுபோய் வைத்தால் கூட்டம் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் வடிவமைத்திருக்க முடியாது.

அதே உலகக் கோப்பையில் பப்புவா நியூ கினியின் கதை இன்னும் வயிற்றெரிச்சல். ரக்பி லீக்கைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடும் நாடு அது ஒன்றுதான் என்று சொல்லலாம். போர்ட் மோர்ஸ்பியில் அவர்கள் வேல்ஸ், அயர்லாந்து, அமெரிக்கா மூன்று அணிகளையும் அடித்தார்கள். 15,000 பேர் கொள்ளும் மைதானம் மூன்று நாளும் நிரம்பியது, வெளியே மரத்தில் ஏறிப் பார்த்தவர்கள் தனி. ஆக காலிறுதிக்குப் போனார்கள். காலிறுதி எங்கே? மெல்போர்னில். 30,000 பேர் கொள்ளும் மைதானத்தில் 10,000 பேர் உட்கார்ந்து, இங்கிலாந்து அவர்களை வீழ்த்துவதைப் பார்த்தார்கள். போட்டி தொடங்கும் முன்பே யார் யாரோடு எங்கே என்று எழுதி வைத்துவிடுவதால் வரும் வினை. தொலைக்காட்சிக்காரர்களுக்கு அட்டவணை முன்னாலேயே வேண்டும், விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட வேண்டும், புரிகிறது. ஆனாலும் காலிறுதியில் ஒன்றையாவது 'இவர்கள் ஜெயித்து வந்தால் இங்கே' என்று விட்டுவைத்திருக்கலாம்.

நான் வேலை பார்க்கும் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டோங்காக்காரர் ஒருவர் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர், தேவாலயத்தில் பாடகர் குழு நடத்துபவர். கிளப் ஆட்டங்களுக்கு அவர் மைதானம் போய் நான் பார்த்ததில்லை. டிக்கெட் விலையைச் சொன்னால் சிரிப்பார். டோங்கா சிட்னியில் ஆடினால் மட்டும் பேரப்பிள்ளைகள் முதற்கொண்டு ஒரு வரிசை இருக்கையையே வாங்கிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "ஆஸ்திரேலியா ஆடுறதை டிவியில பாத்துக்கலாம். எங்க ஆளுங்க ஆடுறப்ப நாங்க அங்க இல்லன்னா அது யாரோட ஆட்டம்?" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் சொன்னார்.

2024 நவம்பரில் பசிபிக் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம், ஆஸ்திரேலியாவும் டோங்காவும், எங்கள் பாரமட்டாவிலேயே நடந்தது. முந்தைய வாரம்தான் ஆக்லாந்தில் டோங்கா நியூசிலாந்தை 25–24 என்று ஒரே புள்ளியில் தோற்கடித்து இறுதிக்கு வந்திருந்தது. நானும் மகனும் போனோம். ஒரே டிக்கெட்டில் பெண்கள் இறுதி ஆட்டம், நியூசிலாந்தும் பப்புவா நியூ கினியும் ஆடும் இன்னொரு ஆட்டம், அப்புறம் இது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. மதியமே வந்து உட்கார்ந்தால் ராத்திரிவரை காசுக்குத் தீனி. ஆனால் ஒன்று கவனித்தேன். முதல் ஆட்டத்துக்கு அரை மைதானம்கூட இல்லை, தெருவிலோ ஆள் நடக்க இடமில்லை. எல்லோரும் வெளியே நின்று பாடிக்கொண்டிருந்தார்கள்.

சர்ச் தெருவில் கார்கள் நகரவே இல்லை. கார் கூரைமேல் ஒரு பெண் உட்கார்ந்து கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார், கீழே ஓட்டுநர் ஹாரனைத் தாளத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். வயதான அம்மாக்கள் சிவப்பு ஜெர்சிக்கு மேல் இடுப்பில் பாய் சுற்றியிருந்தார்கள். கோரைப்பாய் மாதிரி முடைந்தது, அவர்கள் சபைக்குக் கட்டிக்கொண்டு போகும் மரியாதைப்பட்ட உடை. நவம்பர் வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்று பாடுகிறார்கள். பாட்டும் விசில் கோஷம் இல்லை, தேவாலயத்துக் கீதம். ஆண்கள் கீழ்க்குரலில் ஒரு இழை, பெண்கள் மேலே ஒன்று, நடுவில் இன்னும் இரண்டு. மைதானத்துக்குள் போன பிறகு ஒரு மூலையில் யாரோ ஆரம்பித்தால் பத்து நொடியில் எதிர் மூலை வந்து சேர்ந்துகொள்கிறது. ஒலிபெருக்கியில் நிர்வாகம் போட்ட டம் டம் இசையை அது விழுங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவர்களும் நிறுத்திவிட்டார்கள், அன்றைக்கு அவர்கள் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம்.

மகன் பாரமட்டா கிளப்பின் நீல–மஞ்சள் ஜெர்சியில் வந்திருந்தான். ஆஸ்திரேலியாவில் பிறந்தவன். சுற்றிலும் சிவப்பு. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் திரும்பி அவன் கையில் ஒரு சின்னக் கொடியைக் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு என் காதில் கேட்டான்: "நாம யாருக்குப்பா?"

எனக்கும் அது தெரியவில்லைதான். "உனக்கு யாரைப் பிடிச்சிருக்கோ அவங்களுக்கு" என்று சமாளித்தேன். ஆஸ்திரேலியா 20–14 என்று ஜெயித்தது. 28,000க்கு மேல் வந்திருந்த கூட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கத்தியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று நான் தேடித்தான் பார்த்தேன். சொந்த ஊரில், சொந்த நாட்டின் பெரிய மைதானம் ஒன்றில், உலக சாம்பியன் அணி வெளியூர் அணி மாதிரி கோப்பையைத் தூக்கியது.

எங்கள் ஊர்ப் பக்கம் பங்குனியில் தேர் ஓடும். திருவாரூர்த் தேர் அளவுக்குப் பெரியதில்லை, பாதிகூட இருக்காது. பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கள் லீவு போட்டுக்கொண்டு, பஸ்ஸில் நின்றுகொண்டு வருவது திருவாரூருக்கு இல்லை, இந்தச் சின்னத் தேருக்குத்தான். இங்கே வடம் பிடிக்கிறவர்கள் அவர்கள்தான். சர்வதேச ரக்பி லீக்கை நடத்துகிறவர்கள் பல காலமாகப் பெரிய தேரை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

உதாரணத்துக்கு 2018இல் டென்வர். அமெரிக்காவின் கொலராடோவில், கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில், ஜூன் வெயிலில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆடின. மைதானம் 76,000 பேருக்கு, வந்தவர்கள் 19,000. ஒரு சின்ன மைதானமாக இருந்தால் அது நல்ல கூட்டம் என்றே எழுதியிருப்பார்கள். அமெரிக்காவுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி பேசிய திட்டம் அந்த வருடமே சுருண்டது. 2025 உலகக் கோப்பையை வட அமெரிக்காவில் நடத்துவது என்ற யோசனை கைவிடப்பட்டு பிரான்ஸுக்குப் போனது. 2023இல் பிரான்ஸும் பண உத்தரவாதம் இல்லை என்று கையை விரித்தது. கடைசியில் போட்டியே ஒரு வருடம் தள்ளி 2026க்கு, ஆஸ்திரேலியாவுக்குப் போனது.

அதற்கும் முன்னால் 2000 உலகக் கோப்பை. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் என்று பரப்பி 16 அணிகளை வைத்து நடத்தினார்கள். தொடக்க ஆட்டம் லண்டன் ட்விக்கனம் மைதானத்தில், அது யூனியன்காரர்களின் கோட்டை. பத்து நாளுக்கு முன்னால்தான் ஹாட்ஃபீல்டில் ரயில் தடம் புரண்டு நாடு முழுக்க ரயில் போக்குவரத்து குலைந்திருந்தது, போதாக்குறைக்குப் புயல் மழை. வடக்கே இருக்கிற ரசிகன் எப்படி வருவான்? ஹல் நகரத்தில் ஆஸ்திரேலியா ரஷ்யாவை 110–4 என்று அடித்தது. 3,000 பேர் பார்த்தார்கள். அந்த 3,000 பேரைப் பாராட்டத்தான் வேண்டும்.

2013இல் வேறு மாதிரி யோசித்தார்கள். பெரிய ஆட்டங்களைப் பெரிய இடத்தில் வைத்துவிட்டு, மற்றவற்றைச் சின்ன ஊர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது ராச்டேல். ஃபிஜி–அயர்லாந்து ஆட்டத்தை அங்கே வைத்தார்கள். இரண்டு அணிக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். 1961இல் ராச்டேல் ஹார்னெட்ஸ் கிளப் ஃபிஜியிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்தது, யோசேஃபா லெவுலா மாதிரி ஆட்களை. நூற்பாலை ஊரில் ஃபிஜிக் குடும்பங்கள் வேர்விட்டன. அரை நூற்றாண்டு கழித்து ஃபிஜி அணி வந்தபோது அது அந்த ஊருக்குச் சம்பந்தி வீட்டு விசேஷம். 8,800 பேருக்கு மேல் வந்தார்கள். கம்பர்லாந்துக் கடற்கரையில் வொர்க்கிங்டன் என்ற சின்ன ஊரில் டோங்கா–ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு 7,000க்கு மேல். இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தே இல்லை, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான். மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில் 74,468 பேர். முந்தைய வாரம் வெம்ப்லியில் அரையிறுதிகள் இரண்டையும் ஒரே நாளில் வைத்ததில் 67,000. இங்கிலாந்து கடைசி நிமிடத்தில் நியூசிலாந்தின் ஷான் ஜான்சன் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து எடுத்த டிரையில் 20–18 என்று தோற்றது, அது வேறு சோகம்.

பாடம் படித்தாயிற்று என்று பார்த்தால், 2022இல் அதே இங்கிலாந்தில் மறந்துவிட்டார்கள். (கொரோனாவால் தள்ளிப்போன 2021 உலகக் கோப்பை அது.) விலையை ஏற்றிவிட்டார்கள். வீட்டு மின்கட்டணமே கட்ட முடியாமல் மக்கள் திண்டாடிய குளிர்காலம் அது. நியூகாசிலில் தொடக்க ஆட்டத்துக்கு 43,000, ஓல்டு டிராஃபோர்டு இறுதிக்கு 67,000 வந்தது உண்மை. நடுவில் ஆஸ்திரேலியா–இத்தாலி, நியூசிலாந்து–லெபனான் மாதிரி ஆட்டங்களுக்கு 6,000 பேர்கூட வரவில்லை. ஜெயிக்கப் போவது யார் என்று எல்லாருக்கும் தெரிந்த ஆட்டத்துக்குப் பெரிய விலை வைத்தால் யார் வருவார்கள்? சக்கர நாற்காலி ரக்பி லீக் இறுதிக்கு மட்டும் மான்செஸ்டரில் 4,500 பேர் வந்து அந்த ஆட்டத்தின் சாதனையை முறித்தார்கள். இங்கிலாந்து பிரான்ஸை 28–24 என்று வென்றது. அந்தப் போட்டியிலேயே நல்ல ஆட்டம் அதுதான் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போட மாட்டேன்.

அதே போட்டியில் இன்னொரு பசிபிக் தீவு நாடான சமோவாவும் டோங்காவும் வாரிங்டனில் காலிறுதி ஆடின. அந்த மைதானம் முழுக்க நிறைந்தாலும் 15,000 பேர்தான். 2025 அக்டோபரில் அதே இரண்டு அணிகள் பிரிஸ்பேனில் மோதியபோது 44,000 பேர் வந்தார்கள். ஆஸ்திரேலியாவும் இல்லை, நியூசிலாந்தும் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு ஆடியிருந்த பேய்ன் ஹாஸ் அந்தப் பருவத்தில் சமோவாவுக்கு ஆட வந்தார். இப்படிப் பெரிய ஆட்டக்காரர்கள் பூர்வீக நாட்டுக்குப் போவதை 'வேஷம் மாற்றுகிறார்கள்' என்று திட்டுகிறவர்கள் இங்கே இன்னும் உண்டு. சிட்னியின் மவுண்ட் டிரூயிட்டில் வளர்ந்த ஒருவர் சமோவாவுக்கு எப்படி ஆடலாம் என்று கேட்கிறார்கள். வீட்டில் சமோவா மொழி, ஞாயிற்றுக்கிழமை சமோவா சபை, சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊர்ச் சனம். அந்தப் பையனிடம் போய் நீ யார் என்று பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொல் என்றால் எப்படி? நம் பிள்ளைகளை வைத்து யோசித்தாலே விளங்கும்.

ஆட்டத்தை நடத்துகிறவர்களையே மீறியும் கூட்டம் வரும் என்பதற்கு 2019. டோங்காவின் உள்ளூர் நிர்வாகத்துக்கும் ஆட்டக்காரர்களுக்கும் பெரிய தகராறு, பயிற்சியாளரையே நீக்கினார்கள். கடைசியில் அணி 'டோங்கா அழைப்பு அணி' என்ற ஒப்புக்குச் சப்பாணிப் பெயரில்தான் களமிறங்க முடிந்தது. அந்த அணிதான் ஆக்லாந்து ஈடன் பார்க்கில் ஆஸ்திரேலியாவை 16–12 என்று தோற்கடித்தது. கொடி பிடித்தவர்கள் பெயர்ப் பலகையைப் படிக்கவில்லை.

கிடங்கில் எங்கள் மேற்பார்வையாளர் இங்கிலாந்தின் விகன் ஊர்க்காரர். அவருக்கு என் வாதம் முழுக்க ஒப்புதல் இல்லை. டோங்கா, சமோவா எல்லாம் குடியேறிய ஜனங்களின் கதை, இங்கிலாந்துக்கு அது உதவாது, அங்கே ஆஷஸ்தான் மருந்து என்பார். கிரிக்கெட்டில் மாதிரியே ரக்பி லீக்கிலும் இங்கிலாந்துக்காரர்களும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் உண்டு. 1932இல் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஒரு டெஸ்டுக்கு 70,204 பேர் வந்தார்கள். 1990இல் வெம்ப்லியில் 54,000, 1994இல் 57,000, இரண்டிலும் கிரேட் பிரிட்டன் (அப்போது அந்தப் பெயரில்தான் ஆடினார்கள்) ஜெயித்தது. அதற்கப்புறம் கிளப் பணமும் தொலைக்காட்சிப் பணமும் ஆட்டத்தை இரண்டாகக் கிழித்ததில் பழைய நீண்ட சுற்றுப்பயணங்கள் செத்தன. 2003க்குப் பிறகு ஆஷஸே இல்லை. இருபத்திரண்டு வருடம்! ஒரு தலைமுறை, ஆஷஸ் என்றால் கிரிக்கெட் மட்டும் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்துவிட்டது. 2025இல் திரும்ப நடத்தியபோது வெம்ப்லியில் 60,000ஐத் தாண்டியது, லிவர்பூலில் எவர்ட்டன் கிளப்பின் புது மைதானத்தில் 52,000, லீட்ஸில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. இங்கிலாந்து மூன்றையும் தோற்றது, மூன்றிலும் சேர்த்து எடுத்ததே 18 புள்ளி. "ஜெயிச்சிருந்தா அடுத்த தடவை எண்பதாயிரம் வரும், இப்ப பாரு" என்று விகன்காரர் புலம்புகிறார்.

இதில் நான் அவரோடு பாதி ஒத்துப்போகிறேன். ஆஷஸுக்கு வந்தவர்களும் தங்கள் அப்பாவின், தாத்தாவின் கதையைத் தேடி வந்தவர்கள்தான், அதனால் என் வாதத்துக்கு அது விரோதமில்லை. ஆனால் ஜெயித்தால்தான் கூட்டம் என்பதை நான் நம்பவில்லை. டோங்கா 2017 அரையிறுதியில் தோற்றது. அடுத்த வருடம் அதே மவுண்ட் ஸ்மார்ட்டில் ஆஸ்திரேலியாவோடு ஆடியபோது 26,000 பேர், மைதானம் நிறைந்தது. 34–16 என்று தோற்றார்கள். பிறகும் வந்தார்கள். தோற்றது அல்ல, இருபத்திரண்டு வருடம் ஆளையே காணாமல் போனதுதான் இங்கிலாந்தைக் கெடுத்தது. அடுத்த ஆட்டம் எப்போது, எங்கே என்று ரசிகனுக்குத் தெரிய வேண்டும். ஆரிஜின் எப்போது என்று இங்கே யாரும் கேட்பதில்லை, வருடா வருடம் குளிர்காலத்தில் மூன்று தடவை, முடிந்தது கதை. அதன் பலத்தில் பாதி அந்தத் தவறாமைதான்.

தவறாமல் நடத்த என்ன தடை என்றால், கிளப்புகள். சம்பளம் கொடுப்பது கிளப். மார்ச்சில் ஆரம்பித்து அக்டோபர் முதல் வாரம் வரை உடம்பு நொறுங்க ஆடிவிட்டு வரும் ஆள், நவம்பரில் நாட்டுக்கு ஆடி முட்டியை உடைத்துக்கொண்டால் அடுத்த வருட நஷ்டம் கிளப்புக்கு. டென்வருக்கு ஆளை அனுப்ப ஆஸ்திரேலியக் கிளப்புகள் முரண்டு பிடித்தது இதனால்தான். அவர்களைக் குறை சொல்லி மட்டும் பிரயோசனமில்லை. ஆட்டக்காரனின் காப்பீட்டை யார் கட்டுவது, டிக்கெட் வசூலில் கிளப்புக்கு என்ன பங்கு, டோங்கா மாதிரி சங்கத்துக்கு என்ன பங்கு என்பதை முதலில் பேசி முடிக்க வேண்டும். 44,000 பேரை அழைத்து வருகிற அணிக்குக் கைச்செலவுக் காசு மட்டும் என்பது ரொம்ப நாள் ஓடாது.

2026 அக்டோபர், நவம்பரில் அடுத்த உலகக் கோப்பை பெரும்பாலும் இங்கேதான். பத்து அணிகள். எங்கள் பக்கத்தில் லெபனான்காரர்களும் அதிகம், பேங்க்ஸ்டவுன் போனால் பாதிப் பலகைகள் அரபியில்தான். லெபனான் அணி சிட்னியில் ஆடினால் குடும்பத்துக்கு நாலு டிக்கெட் ஒரு சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கும்படி வையுங்கள், மத்தியான ஆட்டமாக வையுங்கள், தேங்காய் எண்ணெய்க் கடைக்காரர் வரை எல்லாருடைய கடைக் கண்ணாடியிலும் நோட்டீஸ் ஒட்டுங்கள். தொலைக்காட்சியில் கோடிக்கணக்கில் கொட்டும் விளம்பரத்தைவிட ஒரு மசூதியிலும் லெபனான் கிறிஸ்தவர்களின் ஒரு மாரோனைட் தேவாலயத்திலும் ஒரு அறிவிப்பு அதிக டிக்கெட் விற்கும் என்று பந்தயம் கட்டத் தயார். விகன்காரரிடம் கட்டியும் இருக்கிறேன், மதியச் சாப்பாட்டுக்கு.